ஹோஸ்டிங் சர்வரிலிருந்து ஸ்பேம் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி: புதிய அட்மினுக்கு ஒரு வழிகாட்டி

ஷேர்டு ஹோஸ்டிங் சர்வர் ஒன்றில் 300, 400 வாடிக்கையாளர்கள் இருப்பது சாதாரணம். பெரும்பாலும் எல்லாருடைய மெயிலும் ஒரே ஐபி முகவரியிலிருந்துதான் வெளியே போகும். அவர்களில் ஒருவருடைய பழைய வேர்ட்பிரஸ் தளம் வழியாக ராத்திரியோடு ராத்திரியாகச் சில ஆயிரம் ஸ்பேம் போயிருந்தால், காலையில் உங்களுக்குப் போன் செய்வது அவர் இல்லை. அவருக்கு எதுவுமே தெரியாது. போன் செய்வது அதே சர்வரில் இருக்கும் ஒரு ஆடிட்டர்: “கிளையன்ட்டுக்கு அனுப்பின மெயில் திரும்பி வந்துடுச்சு சார், என்னமோ பிளாக் லிஸ்ட்னு போட்டிருக்கு.” லாகைத் திறந்து பார்த்தால் அவுட்லுக் 550 என்று சொல்லி மறுத்திருக்கும். ஜிமெயில் 421 என்று சொல்லி, பிறகு வா என்று திருப்பி அனுப்பியிருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் ஸ்பேம் ஃபில்டரைத்தான் தேடுகிறார்கள். உள்ளே வரும் மெயிலுக்கு அது சரி. வெளியே போகும் மெயிலுக்கு ஃபில்டர் இரண்டாம் பட்சம். அங்கே இரண்டு விஷயம்தான் முக்கியம். வெளியே போகும் ஒவ்வொரு மெயிலுக்கும் ‘இது இன்னாருடையது’ என்று கைகாட்ட முடிய வேண்டும். அந்த இன்னாருக்கு ஒரு மணி நேரத்தில் இவ்வளவுதான் என்று வரம்பு இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் சிபேனலும், மெயிலை வாங்கி அனுப்பும் எக்ஸிமும் இருக்கும் சர்வரை மனதில் வைத்து எழுதுகிறேன், நம் ஊர் ரீசெல்லர்களிடம் அதிகம் பார்ப்பது அதைத்தான். எக்ஸிமுக்குப் பதிலாக போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தேவையான இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பேமர் எந்த வழியாக வருகிறான்

ஒரு காலத்தில் வழி தேடவே வேண்டியதில்லை. யார் எந்த ஊருக்கு அனுப்பச் சொன்னாலும் மெயில் சர்வர்கள் வாங்கி அனுப்பிவிடும். இதைத்தான் ஓபன் ரிலே என்கிறோம். 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்புதான் அதில் இந்தத் தாராளத்தை முன்னிருப்பாகவே நிறுத்தியது. இன்றைக்கு நீங்கள் நிறுவும் எந்த மெயில் சர்வரும் வேண்டுமென்று திறந்துவிட்டாலொழிய ஓபன் ரிலே ஆகாது.

இப்போது மூன்று வழிகள். ஒன்று, ஒரு மெயில்பாக்ஸின் பாஸ்வேர்டு திருடு போவது. இரண்டு, தளத்தில் இருக்கும் ஓட்டை வழியாக யாரோ ஒரு பிஹெச்பி ஸ்கிரிப்டை ஏற்றிவிடுவது, அல்லது இருக்கும் ஃபார்மையே தன் வசதிக்கு வளைத்துக்கொள்வது. மூன்று, வாடிக்கையாளரே ஸ்பேமராக இருப்பது. மூன்றிலுமே உங்கள் சர்வரைப் பொறுத்தவரை அனுப்புபவர் முறையான கணக்குக்காரர்தான். யாரும் பூட்டை உடைக்கவில்லை, சாவியோடுதான் வருகிறார்கள்.

படி 1: ரிலே மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்

பத்து நிமிட வேலைதான். வெளியே இருக்கும் வேறொரு சர்வரிலிருந்து உங்கள் சர்வரின் 25ஆம் போர்ட்டுக்கு டெல்நெட்டில் போய், லாகின் செய்யாமல், அனுப்புநராக ஒரு வெளி முகவரியும் பெறுநராக இன்னொரு வெளி முகவரியும் கொடுத்துப் பாருங்கள். 550 என்று தொடங்கும் மறுப்பு (போஸ்ட்ஃபிக்ஸில் 454 அல்லது 554) வர வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து முயன்றால் பல நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டையே மறித்திருக்கும். அதைப் பார்த்து உங்கள் சர்வர் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

போஸ்ட்ஃபிக்ஸில் தடுக்கி விழும் இடம் ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற அமைப்பு. ஏதோ ஒரு அப்ளிகேஷன் சர்வருக்காக டேட்டா சென்டரின் முழு ஐபி வரிசையையும் அதில் போட்டு வைத்திருப்பார்கள். பக்கத்து ரேக்கில் இருக்கும் முகம் தெரியாதவர்களெல்லாம் உங்கள் சர்வர் வழியே மெயில் அனுப்பலாம் என்று அதற்குப் பொருள். தேவையான தனித்தனி ஐபிகளை மட்டும் எழுதுங்கள்.

அப்படியே போர்ட்டுகளையும் பிரித்துவிடுங்கள். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் போர்ட். வாடிக்கையாளரின் அவுட்லுக்கும் போனும் 587 அல்லது 465 வழியாக, என்கிரிப்ஷனோடு, பாஸ்வேர்டு கொடுத்துத்தான் வர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் 25இல் லாகின் வசதியையே எடுத்துவிடலாம். பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கும் பாட்களில் (தானியங்கி நிரல்களில்) பெரும்பகுதி 25இல்தான் தட்டிக்கொண்டிருக்கும், அவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போகும்.

படி 2: ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு பெயர்

இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது.

பழைய சர்வர்களில் பிஹெச்பி எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து ‘நோபடி’ என்ற ஒரே பயனர் பெயரில் ஓடும். அப்படி ஓடினால் 400 தளங்களில் எது ஸ்பேம் அனுப்பியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. முதலில் பிஹெச்பியை அந்தந்தக் கணக்கின் பெயரில் ஓடும்படி மாற்றுங்கள், பிஹெச்பி எஃப்பிஎம் இதைச் செய்யும். அப்புறம் சிபேனலின் நிர்வாகப் பக்கமான டபிள்யூஎச்எம்மில் ‘ட்வீக் செட்டிங்ஸ்’ பக்கத்தின் மெயில் பகுதிக்குப் போய், நோபடி பயனர் மெயில் அனுப்புவதைத் தடுக்கும் தேர்வை இயக்குங்கள்.

அடுத்து, ஸ்கிரிப்டுகள் எக்ஸிமைத் தாண்டிப் போகக் கூடாது. கெட்டிக்கார ஸ்கிரிப்ட் உங்கள் மெயில் சர்வரைக் கேட்கவே கேட்காது. தானே நேரடியாக ஜிமெயிலின் 25ஆம் போர்ட்டில் இணைத்துப் பேசிவிடும். உங்கள் லாகில் ஒரு வரி இருக்காது, கியூவில் (அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசையில்) ஒரு மெயில் இருக்காது, ஆனால் ஐபி மட்டும் ஸ்பேம் அனுப்பும் ஐபிகளின் பட்டியலான பிளாக் லிஸ்டில் ஏறியிருக்கும். டபிள்யூஎச்எம்மின் ‘செக்யூரிட்டி சென்டர்’ பகுதியில் ‘எஸ்எம்டிபி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ரூட், எக்ஸிம், மெயில்மேன் (மெயிலிங் லிஸ்ட் மென்பொருள்) தவிர வேறு எந்தப் பயனரும் வெளி மெயில் சர்வர்களோடு நேரடியாக இணைய முடியாதபடி அது செய்துவிடும். இயங்குகிறதா என்று பாருங்கள். சிபேனல் இல்லையென்றால் இதே விதியை ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் பயனர் வாரியாக எழுதலாம்.

மூன்றாவது, தடயம் பதிவாக வேண்டும். பிஹெச்பி அமைப்புக் கோப்பில், ஒவ்வொரு மெயிலுடனும் அதை அனுப்பிய ஸ்கிரிப்டின் பெயரை ஹெடரில் சேர்க்கும் ஒரு வசதி உண்டு. பிஹெச்பி 5.3இலிருந்தே இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் மெயில் ஹெடரில் ‘1003:மெயிலர்.பிஹெச்பி’ என்பது போல ஒரு வரி வரும். 1003 என்பது அந்தக் கணக்கின் பயனர் எண், அடுத்தது கோப்பின் பெயர். எக்ஸிமின் லாக் அமைப்பில் ‘ஆர்க்யுமென்ட்ஸ்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். மெயில் அனுப்பக் கூப்பிட்டபோது ஸ்கிரிப்ட் எந்த அடைவில் இருந்தது என்பதை அது பதிந்துகொள்ளும்.

இதன் பலனை ஒரு முறை பார்த்துவிட்டால் விடமாட்டீர்கள். எக்ஸிமின் மெயின்லாகில் அடைவைக் குறிக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வோர் அடைவும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, பெரிய எண் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். சாதாரண நாளில் மேலே இருப்பவை தளங்களின் முதன்மை அடைவுகளாக இருக்கும், எண்ணிக்கையும் இரண்டு இலக்கத்தில் நிற்கும். ஸ்பேம் ஓடுகிற நாளில் முதல் வரியே நான்கு இலக்கத்தில் இருக்கும். எதிரே இருப்பது வேர்ட்பிரஸின் ‘அப்லோட்ஸ்’ அடைவுக்குள் 2019, அதற்குள் 03. படங்களைப் போட்டு வைக்கும் இடத்தில் பிஹெச்பி கோப்புக்கு என்ன வேலை? உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு படக்கோப்பைப் போல பெயர் வைத்துக்கொண்டு, படிக்கவே முடியாத எழுத்துக் குவியலாக ஒரு ஸ்கிரிப்ட் உட்கார்ந்திருக்கும்.

பாஸ்வேர்டு கொடுத்து வந்த மெயிலுக்குத் தடயம் வேறு இடத்தில் இருக்கிறது. எக்ஸிம் லாகில் ‘ஏ=’ என்று தொடங்கும் பகுதியில், எந்த மெயில்பாக்ஸின் பெயரில் லாகின் ஆனது என்று எழுதியிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் ‘சாஸ்ல் யூசர்நேம்’ என்று வரும். ஃப்ரம் முகவரியை நம்பாதீர்கள், அதில் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். போஸ்ட்ஃபிக்ஸில் லாகின் பெயரும் அனுப்புநர் முகவரியும் ஒத்துப்போகாவிட்டால் மறுக்கும் விதி ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால், ஒரு கணக்கைத் திருடி வங்கியின் பெயரில் அனுப்புகிறவன் வாசலிலேயே நின்றுவிடுவான். இயக்குவதற்கு முன்னால், ஒரே லாகினில் பல முகவரிகளில் அனுப்பும் வாடிக்கையாளர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து அவர்களை அனுமதி அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: வரம்பு

ட்வீக் செட்டிங்ஸில் ஒரு டொமைன் ஒரு மணி நேரத்தில் எத்தனை மெயில் அனுப்பலாம் என்ற அமைப்பு இருக்கிறது. வரம்பே இல்லாமல் ஓடும் சர்வர்கள் இன்றும் நிறைய உண்டு. என்ன எண் போடுவது? உங்கள் லாகிலிருந்தே எடுங்கள். கடந்த சில வாரங்களில் ஒவ்வொரு டொமைனும் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு அனுப்பியது என்று பாருங்கள். பெரும்பாலான சின்னத் தொழில்காரர்கள் 20ஐயே தாண்டுவதில்லை. நான் பொதுவாக 100க்கும் 200க்கும் இடையில் வைப்பேன், புதுக் கணக்குக்கு முதல் மாதம் 30. பள்ளிக்கூடம், சீட்டு கம்பெனி, மாதத் தவணை நினைவூட்டல் அனுப்பும் நிறுவனம் மாதிரி உண்மையிலேயே அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குக் கேட்கும்போது, காரணம் விசாரித்துவிட்டு, அந்த டொமைனுக்கு மட்டும் உயர்த்திக் கொடுக்கலாம்.

அதே பக்கத்தில் இன்னொரு அமைப்பு இருக்கிறது, என் பார்வையில் அதுதான் தங்கம். ஒரு டொமைன் அனுப்பும் மெயில்களில் எத்தனை சதவீதம் தோல்வியடையலாம் அல்லது தள்ளிப்போகலாம் என்ற வரம்பு. ஸ்பேமரிடம் இருக்கும் முகவரிப் பட்டியல் எப்போதும் குப்பை. பாதி முகவரிகள் செத்துப்போனவை. தன் வாடிக்கையாளருக்கு பில் அனுப்பும் கடைக்காரருக்கு நூற்றில் ஒன்றிரண்டு திரும்பி வரும், ஸ்பேமருக்கு முப்பது நாற்பது திரும்பும். எண்ணிக்கை வரம்பைத் தொடாமல் மெதுவாக ஒழுகவிடும் ஸ்பேமரையும் இந்தச் சதவீதம் பிடித்துவிடும்.

இரண்டு நுணுக்கங்கள். மெயில் கணக்கில் எண்ணாமல் பெறுநர் கணக்கில் எண்ணுங்கள். ஒரே மெயிலின் பிசிசியில் 100 பேரைப் போட்டால் அது 100தான். இரண்டாவது, போஸ்ட்ஃபிக்ஸுடன் வரும் வேக வரம்புகள் இணைக்கும் ஐபியை வைத்துத்தான் எண்ணும். திருட்டு பாஸ்வேர்டு ஒன்றை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஐபிகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மெயிலாக அனுப்பும் பாட்நெட்டை (கைப்பற்றப்பட்ட கணினிகளின் கூட்டத்தை) அது பார்க்கவே பார்க்காது. லாகின் பெயரை வைத்து எண்ணும் கருவி வேண்டும். ஸ்பேம் ஃபில்டரான ஆர்ஸ்பேம்டியின் ரேட்லிமிட் மாட்யூல் அதைச் செய்யும்.

அந்த பாட்நெட்டே இன்னொரு விதத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வழக்கமாக ஈரோட்டிலிருந்து மட்டும் லாகின் ஆகும் ஒரு மெயில்பாக்ஸுக்கு, பத்து நிமிடத்துக்குள் பிரேசில், வியட்நாம், உக்ரைன் ஐபிகளிலிருந்து லாகின் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒரே கணக்குக்கு எத்தனை வெவ்வேறு ஐபிகள் என்று எண்ணி, ஆறேழைத் தாண்டினால் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் கிரானில் போட்டுவிடுங்கள். மொபைல் டேட்டாவில் அலையும் விற்பனைப் பிரதிநிதிகளால் அவ்வப்போது பொய் எச்சரிக்கை வரும், பரவாயில்லை. ஸ்பேம் கிளம்புவதற்கு முன்னாலேயே மணியடிப்பது இது ஒன்றுதான். திருடியவர்கள் பல சமயம் பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, வேலையை வெள்ளிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொள்வார்கள்.

படி 4: பாஸ்வேர்டுகள்

பாஸ்வேர்டு திருடு போகும் விதங்கள் புதிதல்ல. ‘உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே சொடுக்கவும்’ என்று வெப்மெயில் போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கம், கணினியில் உட்கார்ந்திருக்கும் மால்வேர், வேறு எங்கோ கசிந்த அதே பாஸ்வேர்டு. கூடவே ஊகம். ஊகத்துக்கு, திரும்பத் திரும்பத் தவறும் ஐபியை மறிக்கும் கருவிகள் உண்டு: சிபேனலில் சிபிஹல்க், மற்ற சர்வர்களில் ஃபெயில்2பேன். ஆனால் ஒவ்வொரு ஐபியிலிருந்தும் ஒரே ஒரு முறை முயன்றுவிட்டு நகரும் பாட்களை ஃபெயில்2பேன் பிடிக்காது என்பதால், பாஸ்வேர்டே பலமாக இருந்தாக வேண்டும். டபிள்யூஎச்எம்மில் குறைந்தபட்ச பலத்தை உயர்த்தி வையுங்கள். சிபேனல் லாகினுக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

கணக்குப் பட்டியலை ஒரு முறை கண்ணால் பாருங்கள். ‘டெஸ்ட்’, ‘டெமோ’, ‘இன்ஃபோ1’ என்று தளம் கட்டிய நாளில் யாரோ உருவாக்கி மறந்துபோன மெயில்பாக்ஸ்கள் இருக்கும். ‘ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கும், அது அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷின் மெயில் அனுப்புவதற்காக வைத்தது. பாஸ்வேர்டு ‘ஸ்கேன்123’ ஆக இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். மெஷினில் பாஸ்வேர்டு மாற்றத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார், அதனால் அதை யாரும் தொடுவதே இல்லை. தேவையில்லாதவற்றை நீக்குங்கள், தேவையானவற்றுக்கு மணிக்கு 10 என்று வரம்பு வையுங்கள்.

படி 5: தளங்களும் ஃபார்ம்களும்

வேர்ட்பிரஸையும் ப்ளகின்களையும் அப்டேட் செய்யச் சொல்லி வாடிக்கையாளரிடம் எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் செய்யப்போவதில்லை. அதை ஏற்றுக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள். அப்லோட்ஸ் அடைவில் பிஹெச்பி ஓடாதபடி சர்வர் அளவிலேயே தடுத்துவிடுங்கள். மால்டெட் அல்லது இம்யூனிஃபைஏவி போன்ற ஸ்கேனரை ஒவ்வொரு இரவும் ஓடவிடுங்கள்.

ஹேக் ஆகாத தளமும் ஸ்பேம் அனுப்பும் என்பதுதான் புதியவர்களுக்குப் புரியாத இடம். தொடர்பு ஃபார்ம் ஒன்று இருக்கிறது. நிரப்பியவுடன், நிரப்பியவருக்கே ‘அன்புள்ள இன்னாருக்கு, உங்கள் செய்தி கிடைத்தது’ என்று பதில் போகிறது. ஸ்பேமர் என்ன செய்கிறான்? மெயில் முகவரிக் கட்டத்தில் இரையின் முகவரியைப் போடுகிறான், பெயர்க் கட்டத்தில் ‘நீங்கள் 50,000 டாலர் வென்றுள்ளீர்கள், இந்த இணைப்பைச் சொடுக்கவும்’ என்று எழுதுகிறான். உங்கள் வாடிக்கையாளரின் நல்ல பெயரோடு, டிகேஐஎம் கையெழுத்தோடு (அந்த டொமைனின் மெயில்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து), அந்தச் செய்தி இரையின் இன்பாக்ஸில் போய் விழுகிறது. எந்த ஸ்கேனரும் எதையும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் எந்தக் கோப்பும் மாறவில்லை. இதற்கு மருந்து, தானியங்கிப் பதிலில் நிரப்பியவர் எழுதிய எதையும், பெயரைக்கூட, சேர்க்காமல் இருப்பது. கேப்சாவும் வேண்டும். ஆன்லைன் கடைகளின் ‘புதுக் கணக்கு’ பக்கத்திலும் இதே விளையாட்டு நடக்கும்.

எக்ஸிமையும் மறக்காதீர்கள். 2019 ஜூனில் வெளியான ஓட்டை ஒன்று, 4.87 முதல் 4.91 வரையான பதிப்புகளில் வெளியாட்கள் ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் அளவுக்கு மோசமானது. ஓட்டை தெரிந்த சில நாட்களுக்குள்ளேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. அப்டேட்டை தானியங்கியாக வையுங்கள்.

படி 6: வாசலில் நிற்கும் புதிய வாடிக்கையாளர்

திருட்டு கார்டில் கணக்கு வாங்கி, ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கார்டுக்காரர் புகார் செய்து பணமும் திரும்பப் போய்விடும், ஐபியும் கெட்டிருக்கும். அடையாளங்கள் ஓரளவு பழகிவிடும்: முகவரியும் போன் எண்ணும் வெவ்வேறு நாடு, ஒன்றுபோல ஒலிக்கும் நாலைந்து டொமைன்கள், கணக்கு திறந்த பத்தாவது நிமிடத்தில் மெயில் வரம்பை உயர்த்தச் சொல்லி டிக்கெட். சந்தேகம் வந்தால் ஒரு போன் போடுங்கள். விபிஎஸ் (தனி மெய்நிகர் சர்வர்) விற்கிறீர்கள் என்றால் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை மூடியே கொடுங்கள். அமேசான், கூகுள் கிளவுடிலேயே முன்னிருப்பாக அப்படித்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கஷ்டமானவர் இன்னொரு ரகம். நல்ல மனிதர், மூன்று வருடப் பழக்கம், தீபாவளி ஆஃபர் அனுப்ப வேண்டும் என்கிறார்.

“லிஸ்ட் எங்கே கிடைச்சது சார்?”

“காசு குடுத்து வாங்கினதுங்க. எல்லாம் ஜெனியூன் டேட்டா.”

அவர் பார்வையில் காசு கொடுத்ததால் அது நியாயம். வாங்கின பட்டியலுக்கு அனுப்புவது ஸ்பேம்தான் என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதி வைத்திருந்தால் இந்தப் பேச்சு சுருக்கமாக முடியும். எண்ணைச் சொன்னால் இன்னும் சீக்கிரம் புரியும். 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் அனுப்புநரின் டொமைன் உண்மையானதுதான் என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். ஆயிரம் பேரில் மூன்று பேர் ‘ஸ்பேம்’ பட்டனை அழுத்தினாலே போதும். தானாக விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களின் பட்டியல் இருந்தால், அதற்கென்றே இருக்கும் மொத்த மெயில் சேவைக்கு அவரை அனுப்பிவிடுங்கள். ஷேர்டு சர்வர் அதற்கான இடம் இல்லை.

படி 7: டிஎன்எஸ், ஃபார்வர்டு, கேட்ச் ஆல்

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், ரிவர்ஸ் டிஎன்எஸ் எல்லாம் கட்டாயம் வேண்டும். ஆனால் இவை உங்கள் சர்வரிலிருந்து ஸ்பேம் கிளம்புவதைத் தடுக்காது. வெளியே இருப்பவன் உங்கள் வாடிக்கையாளரின் பெயரைப் போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கும். சிபேனல் பெரும்பாலானவற்றைத் தானே அமைத்துவிடும். எஸ்பிஎஃப் பதிவில் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபார்வர்டு தொந்தரவு. வாடிக்கையாளர் தன் மெயிலை முழுக்க ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தால், அவருக்கு வரும் ஸ்பேமும் உங்கள் ஐபியிலிருந்து ஜிமெயிலுக்குப் போகும். அவரே அங்கே ‘ஸ்பேம்’ பட்டனை அழுத்துவார், பழி உங்கள் மேல். ஃபார்வர்டு ஆகும் முன் ஃபில்டர் ஓடும்படி வையுங்கள். இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் கேட்ச் ஆல் அமைப்பை ‘ஃபெயில்’ என்று வைத்துவிடுங்கள். இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை இணைப்பில் இருக்கும்போதே மறுத்துவிட வேண்டும். வாங்கிக்கொண்டு அப்புறம் பவுன்ஸ் (‘சேரவில்லை’ என்ற திருப்பு மெயில்) அனுப்பினால், அனுப்புநராகப் பெயர் போடப்பட்ட, சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு அது போய்ச் சேரும்.

படி 8: காதைத் திறந்து வையுங்கள்

‘அப்யூஸ்’, ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற இரண்டு முகவரிகளும் உங்கள் டொமைனில் இருக்க வேண்டும், மனிதர் ஒருவர் படிக்கவும் வேண்டும். ஐபியின் நிலையைக் காட்டும் எஸ்என்டிஎஸ், புகார்களை அனுப்பும் ஜேஎம்ஆர்பி என்ற மைக்ரோசாஃப்டின் சேவைகள் இரண்டிலும் உங்கள் ஐபிகளைப் பதிந்துகொள்ளுங்கள். அவுட்லுக் பயனர் ஸ்பேம் என்று குறித்தால் அந்தத் தகவல் உங்களுக்கு வரும். யாகூவிலும் அப்படி ஒன்று உண்டு. ஜிமெயில் தனித்தனிப் புகாரைத் தராது, போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் மொத்த விகிதத்தை மட்டும் காட்டும்.

பிளாக் லிஸ்ட் நடத்தும் ஸ்பேம்ஹவுஸின் ஜென் பட்டியலில் உங்கள் ஐபி இருக்கிறதா என்று தினமும் ஸ்கிரிப்ட் மூலம் பார்க்கலாம். உங்கள் சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் வழியாகக் கேளுங்கள். கூகுளின் 8.8.8.8 வழியாகக் கேட்டால் சரியான பதில் வராது. 127.0.0.4 என்று வந்தால் சர்வரில் ஏதோ மால்வேர் அல்லது ஹேக் ஆன ஒன்று ஓடுகிறது என்று அர்த்தம். கியூவில் இருக்கும் மெயில் எண்ணிக்கையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஆனால் எச்சரிக்கும்படியும் வையுங்கள்.

படி 9: எல்லாவற்றையும் மீறி நடந்துவிட்டால்

முதல் விதி: கியூவைத் துடைக்காதீர்கள். பதற்றத்தில் எல்லாரும் செய்ய நினைப்பது அதுதான். கியூவில்தான் தடயம் இருக்கிறது, மற்ற வாடிக்கையாளர்களின் உண்மையான மெயிலும் அதிலேயே இருக்கிறது.

கியூவில் அதிகம் இருக்கும் அனுப்புநரைக் கண்டுபிடித்து, அந்தக் கணக்கின் வெளிச்செல்லும் மெயிலை மட்டும் சிபேனலில் ‘ஹோல்ட்’ செய்யுங்கள். தளமும் உள்வரும் மெயிலும் ஓடிக்கொண்டிருக்கட்டும். அடுத்து, கியூவிலிருந்து இரண்டு மூன்று மெயில்களின் ஹெடரைத் திறந்து பாருங்கள். லாகின் பெயர் இருந்தால் பாஸ்வேர்டு விவகாரம், ஸ்கிரிப்ட் பெயர் இருந்தால் தளத்தின் விவகாரம். சில மாதிரிகளை வேறிடத்தில் சேமித்துவிட்டு, அதற்கப்புறம் அந்த அனுப்புநரின் மெயில்களை மட்டும் கியூவிலிருந்து நீக்குங்கள். எக்ஸிமுடன் வரும் எக்ஸிகியூகிரெப் கருவி அனுப்புநர் வாரியாகப் பிரித்துக் கொடுக்கும். அனுப்புநர் இடம் காலியாக இருக்கும் பவுன்ஸ் மெயில்களும் குவிந்திருக்கும். அவற்றில் இந்தக் கணக்கைச் சேர்ந்தவற்றையும் நீக்கிவிடுங்கள்.

பாஸ்வேர்டு விவகாரம் என்றால் மாற்றுவது மட்டும் போதாது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பாஸ்வேர்டு மாறிய பிறகும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கலாம், அதனால் எக்ஸிமையும், மெயில்பாக்ஸ்களைக் கவனிக்கும் டவ்காட்டையும் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வந்தவன் ஏதாவது ஃபார்வர்டு விதியை வைத்துவிட்டுப் போயிருக்கிறானா என்று பாருங்கள். வாடிக்கையாளரின் கணினியை ஸ்கேன் செய்யச் சொல்லாமல் புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்தால், அதுவும் சாயந்திரத்துக்குள் போய்விடும்.

ஸ்கிரிப்ட் விவகாரம் என்றால் அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அது எந்த நேரத்தில் வந்தது என்று பார்த்து, அதே நேரத்தில் வெப்சர்வர் லாகில் எந்த ஐபி எந்தப் பக்கத்துக்கு எதை அனுப்பியது என்று தேடுங்கள். ஓட்டையான ப்ளகின் அங்கே தெரியும். அதே ஐபி தொட்ட மற்ற கோப்புகளையும் பாருங்கள், பொதுவாக இரண்டு மூன்று பின்வாசல்கள் இருக்கும்.

பிளாக் லிஸ்டிலிருந்து நீக்கக் கேட்பது இதற்கெல்லாம் பிறகுதான். சரிசெய்யாமல் கேட்டு, திரும்ப மாட்டினால் அடுத்த முறை நீக்குவது கடினமாகும். ஸ்பேம்ஹவுஸ் நீக்குவதற்குப் பணம் வாங்குவதில்லை, என்ன நடந்தது, என்ன சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். ‘வேறு ஐபிக்கு மாறிவிடலாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள், வேண்டாம். ஐபி ஐபியாகத் தாவுவது ஸ்பேமரின் பழக்கம், கண்டுகொள்ளாத நிறுவனத்தின் முழு ஐபி வரிசையையும் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள்.

இந்தியாவில் ஹோஸ்டிங் நடத்துகிறீர்கள் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, சர்வர் லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அது பட்டியலிட்டிருக்கும் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மெயில் சர்வர்கள் மீதான தாக்குதலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பல சர்வர்களில் லாக் ஒரு சில வாரங்களுக்கு மேல் தங்காது, பழைய லாகுகளை நீக்கும் லாக்ரொட்டேட் அமைப்பை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அந்தக் கணக்கின் ஹோல்டை எடுக்கும்போது பழைய வரம்புக்கே திரும்பாதீர்கள். மணிக்கு 20 என்று வைத்து இரண்டு வாரம் ஓடவிட்டு, தோல்விச் சதவீதம் சாதாரணமாக இருந்தால் அப்புறம் உயர்த்துங்கள். வாடிக்கையாளர் முணுமுணுப்பார். லாகிலிருந்து அவர் பெயரில் போன ஸ்பேமின் தலைப்புகளில் நாலைந்தை எடுத்து அவருக்கே அனுப்பி வையுங்கள், பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.